லைனை இழுத்தது நீதான், மச்சான்

மச்சான், ஆயுத பூசைக்கு உன் மோடத்தின் மேல் நீ வைத்த குங்குமப் பொட்டு இன்னும் அழியவில்லை. இன்று காலை அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. இணையம் மட்டும் ஊர்ந்தது.

மூன்று மணிக்கு உன் மகள் ஷாமினிக்கு நேர்காணல். சிங்கப்பூர் கம்பெனி, காணொளியில் பேச வேண்டும், இதுதான் கடைசிச் சுற்று. ஒத்திகைக்குத் தோழியைக் காணொளியில் அழைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்து அப்படியே நின்றுவிட்டதாம். கைபேசி சிக்னலை நம்பலாம் என்றால், நம் ரெங்கம் தாமான் குடியிருப்பில் அது ஒரு கோட்டைத் தாண்டாது, உனக்குத் தெரியாததா? "மாமா, சீக்கிரம் வாங்க, லைன் ரொம்ப ஸ்லோ லா" என்று அழாத குறையாகக் கூப்பிட்டாள். உன்னைக் கூப்பிட வேண்டிய வேலை. மூன்று வீடு தள்ளி இருக்கிற பாவத்துக்கு நான் போனேன்.

எனக்கு இதில் என்ன தெரியும்? நீ செய்ததைப் பக்கத்தில் நின்று கிண்டல் செய்தவன்தானே நான். ஆயர் ஈத்தாம் பானைத் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் தாமானில் யார் வீட்டு மோடத்தையாவது நோண்டிக்கொண்டிருப்பாய். "டாக்டர் வந்துட்டாரு, ஊசி போடப் போறாரு" என்பேன். நீ சிரிக்கவே மாட்டாய்.

உன் வீட்டிலேயே ஒரு முறை லைன் படுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? ஒரு வாரம் கம்பெனிக்காரனைத் திட்டினாய். மழையைத் திட்டினாய். என் தங்கச்சி நாடகம் பார்ப்பதைத் திட்டினாய். கடைசியில் பார்த்தால், நீ ஆசையாக வாங்கி வைத்த பெரிய மீன் தொட்டி. மோடத்துக்கு முன்னால் அத்தனை தண்ணீரை நிறுத்திவிட்டு அலை எப்படி வரும்? "அலமாக், குத்தம் நம்ம வீட்டுக்குள்ளதான் மச்சான். முதல்ல இங்க தேடணும்" என்றாய். தொட்டியைத் தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது வேறு கதை.

அதனால் இன்றும் உள்ளேயே தேடினேன். ஒயர்களைக் கழற்றி மாட்டினேன். மோடத்தை அணைத்து, நீ செய்வது போல முப்பது எண்ணிவிட்டுப் போட்டேன். ஷாமினியின் மடிக்கணினியை ஒயரிலேயே நேராகப் பொருத்தியும் அதே கதைதான். அப்போது, "மோடத்துல யாரெல்லாம் இருக்காங்கன்னு அப்பா ஒரு லிஸ்ட் பாப்பாரு மாமா" என்றாள். மோடத்தின் முதுகில் நீ ஒட்டிய நாள்காட்டித் தாளில் கடவுச்சொல் இருந்தது. பட்டியல் திறந்தது. அவள் கைபேசி, தொலைக்காட்சி, தங்கச்சியின் கைபேசி. நான்காவதாக, வீட்டு இணையத்தை முழுக்க இழுத்துக்கொண்டு, "ரெங்கம் புலி".

உன் கைபேசி.

நேற்று உனக்கு முதல் திவசம். நண்டுக்கறி, சம்பல், ஒரு கேன் பீர் எல்லாம் படைத்த பிறகு தங்கச்சி உள்ளே போய், ஒரு வருடமாக அணைத்து வைத்திருந்த உன் கைபேசியைக் கொண்டுவந்தாள். "அவருக்குப் பிடிச்சதுதானேண்ணே, இது இல்லாம எப்படி?" என்று உயிர்ப்பித்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். இலையை எடுத்த பிறகும் அதை எடுக்க மனம் வரவில்லை. சார்ஜரைச் செருகி உன் படத்தின் முன்னாலேயே விட்டுவிட்டாள். அதுவோ, நீ எடுத்து ஏற்றாமல் விட்ட காணொளிகளையெல்லாம் குடும்பக் கணக்கில் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் உன் பெயருக்கு எதிரே "தடு" என்று ஒரு பொத்தான். அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.

பின்னால் நின்ற தங்கச்சி, "அவரையாண்ணே தடுக்கப் போறீங்க?" என்றாள்.

அம்புக்குறியை விலக்கிவிட்டேன் மச்சான். மணி இரண்டே முக்கால். எழுந்து சாமி மேடைக்குப் போய், உன் படத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம் பொறுத்துக்க லா. உன் மகளுக்காகத்தான்" என்று வாய்விட்டே சொன்னேன். தங்கச்சியே கைபேசியை எடுத்து, ஷாமினியின் பிறந்த தேதியைப் போட்டுத் திறந்து, வைஃபையை அணைத்தாள். அடுத்த நிமிடம் லைன் பறந்தது.

அவள் நன்றாகத்தான் பேசினாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். முடித்து வெளியே வந்தவள் நேராகப் போய் உன் கைபேசியில் வைஃபையைப் போட்டுவிட்டாள்.

பிறகுதான் மடிக்கணினியில் நீ ஒவ்வொரு காணொளியாக வர ஆரம்பித்தாய். ஒன்றில் நான் ஏணி மேல் நிற்கிறேன், உன் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்: "ஒயர இழுக்காத மச்சான், மெதுவா, மெதுவா லா!" அந்தக் குரலைத்தான் ஒரு வருடமாகக் காதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னும் நானூறு சொச்சம் காணொளி பாக்கி என்று காட்டுகிறது. தொலைக்காட்சி சுற்றிச் சுற்றி நிற்கிறது. லைன் மகா மோசம் மச்சான். மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.