வால்டர் ஐயாவின் வாயில் வராத பெயர்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
10.11.2004

அன்பு மகள் ஜெயனிக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் சுகம், மான்செஸ்டர் குளிரில் நீயும் நலமாயிருக்கத் தினமும் செபமாலையில் உன்னை ஒப்புக்கொடுக்கிறேன். நடந்ததைப் பிசகாமல் எழுதுகிறேன். இரண்டாம் திகதி மரித்தோர் பூசைக்கு கோயிலில் எங்கள் வாங்கில் இருந்தது நான், அப்பா, தங்கச்சி றொஷினி, செல்வமலர் அக்கா. கடைசி வாங்கில் கீழ்வீட்டு வால்டர் ஐயா. நீ போன பிறகு குடிவந்த வெள்ளைக்காரர், தனிக்கட்டை, நான்தான் சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன். 1948 முதல் பதினொரு வருடம் உன் பக்கத்து ஹோல்டன்ஷோ என்ற சிற்றூர் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் கீப்பராக நின்றவர். அந்தக் காலத்தில் மழையில் ஊறிய தோல்பந்து கல்லாய்க் கனக்குமாம், கீப்பரைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் இடித்துத் தள்ளவும் விடுவார்களாம், அவர் விரல் ஒன்றுகூட நேராக இல்லை. 1953 பெப்ரவரியில், சொந்த மைதானத்தில், எதிரணிக்காரர் ஒருவரின் காலடியில் பந்துக்குப் பாய்ந்தபோது அவர் தடுக்கி விழ, இவருடைய முழங்கால் அவர் தலையில் பட்டு, மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை கோலில் நின்றபோது வலைக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டதாம். கனடாவுக்குக் கப்பலேறியும் அது கூடவே வந்தது. அதனால் பஸ்ஸிலும் கோயிலிலும் முதுகைச் சுவரோடு ஒட்டித்தான் இருப்பார்.

அந்த ஆத்துமாவின் பெயரைப் பூசையில் வாசிப்பிப்போம் என்று சொன்னது நான். அவர் கடிதம்போல் மேலே தன் பெயரையும் கீழே இறந்தவர் பெயரையும் எழுதித் தந்தார், நான் பார்க்காமலே மரித்தோர் பெயர் போடும் உறைக்குள் வைத்தேன். எங்கள் வழக்கப்படி மேலே இருப்பது மரித்தவர் பெயரென்று, பெயர் வாசிக்கிற அருமைராசா அண்ணை வால்டர் ஐயாவின் பெயரை வாசித்துவிட்டார். பெயர் வாசித்ததும் உறவினர் எழுந்துபோய் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் அல்லவா, ஐயாவே எழும்பினார். செல்வமலர் அக்கா என் கையைக் கிள்ளி, “எடியே, செத்தவரே எழும்பி வாறார்” என்றா. சுவரை விட்டு, நடுப்பாதையால், ஒருமுறையும் திரும்பிப் பாராமல் நடந்துவந்து கொளுத்தினார்.

அன்றிலிருந்து கதிரையை அறை நடுவில் போட்டிருக்கிறார். மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் சாப்பாடும் நின்றுவிட்டது. டொக்டர் உடம்பில் குறையில்லை என்கிறார். சரியான பெயரை வாசிப்பிக்கலாம் என்று கேட்டேன், வாயைத் திறந்தார், வரவில்லை மகள், ஐம்பத்தொரு வருடம் சுமந்த பெயர். அந்த ஆள் என்னை விட்டுப் போய்விட்டார், இனி ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற முறை என்னுடையது என்று சிரிக்கிறார். உறைகளைப் பூசை முடிய எரித்துவிட்டார்கள். அப்பாவோ, “இனி என்ரை பேரையும் குடுத்திடாதையப்பா” என்று பகிடி விடுகிறார். நேற்றுக் கஞ்சிக் கோப்பையை வைக்கக் குனிந்தேன், என் பிடரியில் மூச்சுப் பட்டது. ஐயா என் முன்னால்தான் இருந்தார். என் தோளுக்கு மேலால் பார்த்து, பின்னால் நிற்கிற யாருக்கோ இன்னும் கொஞ்சம் பொறு என்பதுபோல் கையைக் காட்டினார்.

ஆத்துமாக்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு இருபத்தெட்டாம் திகதி, அன்று சரியான பெயரை வாசிப்பிக்க வேண்டும். அதற்குள் ஹோல்டன்ஷோ நூலகத்தில் 1953 பெப்ரவரிப் பத்திரிகைகளைப் பார்த்து இறந்தவரின் முழுப் பெயரை அறிந்து சொல். தனியே போகாதே, சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு பகலில் போ, கழுத்துக்குச் சால்வை கட்டு. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருப்பாராக. கெதியாய்ப் பதில் போடு.

உன் அம்மா
அஞ்சலீனா