கீற்று சொல்லியாச்சு

செப்டம்பர் 9, திங்கள்

யூடியூபில் போக்கர் சொல்லித் தரும் வாத்தியார், தோற்ற ஆட்டத்தை எல்லாம் நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறார். எழுதினால் மனம் தெளியுமாம், ஜெயம் தானாக வருமாம். பழைய டைரி ஒன்று கிடந்தது, எடுத்துவிட்டேன். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. இன்றோடு பத்தொன்பது நாள் தொடர்ந்து தோல்வி.

முதல் பக்கத்தில் ஆட்டக்காரனின் பெயரும் லட்சியமும் வேண்டுமாம். பெயர் பிரிட்டோ, வயது நாற்பத்தொன்று. மரக்காணத்தில் உப்பளக் குத்தகை. என் மனைவி சில்வியாவின் அண்ணன், மச்சான் சகாயநாதன் பாதி, நான் பாதி. லட்சியம்: விட்டதைப் பிடிப்பது.

செப்டம்பர் 12, வியாழன்

விடியற்காலை உப்பு வாரத் தொடங்கும் ஆட்கள் பத்தரைக்குள் கரையேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு மோட்டார் கொட்டகையில் நான், செல்போன், இரண்டு பல்லிகள்.

இன்று போக்கர் ஆப்பில் என் கைக்கு இரண்டு ஏஸ். ஆரம்பச் சீட்டில் உலகத்திலேயே இதைவிடப் பெரிய கை கிடையாது. இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினேன். எதிரே ‘ஜாலிபாய்77’ என்று ஒருவன், பூனைப் படம் போட்டவன். கையில் ஏழும் இரண்டும். பிச்சைக்காரன்கூட வாங்க மறுக்கும் சீட்டு. மேசையில் பொதுவாக விழுந்த ஐந்து சீட்டில் இரண்டு ஏழு, அவனுக்கு மொத்தம் மூன்று!

பூனை எனக்குச் சிரிப்புப் பொம்மை அனுப்பியது. பல்லி உச்சுக் கொட்டியது. எந்தத் திசையில் கொட்டினால் என்ன பலன் என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சர்ச் பூசையில் எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது சட்டைப்பையில் போன் துடித்தது. ‘பிரிட்டோ, உங்களை ரொம்ப மிஸ் பண்றோம். இதோ 200 ரூபாய் போனஸ்!’

கல்யாணமான பதினான்கு வருடத்தில் சில்வியா ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை. சாமியார் கையை உயர்த்தி ஆசீர் கொடுக்கும்போது நான் போனஸை வாங்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று. ஆசீர் மிச்சம்.

செப்டம்பர் 20, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். இந்த வாத்தியாருக்கெல்லாம் உப்பளம் தெரியாது, அதனால்தான் எழுந்து போ, ஓய்வெடு என்று உளறுகிறார்கள்.

கோடையில் திடீரென்று ஒரு மழை பெய்து, விளைந்த உப்பு பாத்தியிலேயே கரைந்துவிடும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன் பதறிப்போய் மடையைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவான். விவரம் தெரிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். உப்பு எங்கேயும் போகவில்லை, அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. நான்கு நாள் வெயில் அடித்தால் திரும்ப விளையும். மச்சான் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது.

என் பணமும் அப்படித்தான். எங்கே போய்விட்டது? மேசையில்தான் இருக்கிறது. நடுவில் எழுந்து போகிறவன் மடையைத் திறந்துவிடுகிறவன். நான் உப்புக்காரன், அசைய மாட்டேன்.

எழுதியதும் மனம் தெளிந்தது. வாத்தியார் சும்மா சொல்லவில்லை.

செப்டம்பர் 28, சனி

கடைசி வாரல் முடிந்தது. கரையில் உப்பு அம்பாரம் இரண்டு ஆள் உயரம். மழைக்கு முன் தென்னங்கீற்று வேய்ந்து மூடி வைத்தால் டிசம்பரில் இரட்டை விலை. மூடாமல் விட்டால் வருட உழைப்பு வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பிவிடும். கடலுக்கு நஷ்டமில்லை.

கீற்றுக்கும் கூலிக்குமாக மச்சான் முப்பத்தெட்டாயிரம் கொடுத்தார். “மாப்ள, கிளியனூர்ல போய் நல்ல கீத்தா பாத்து சொல்லிடு. இந்த வருஷம் மழ சீக்கிரம் வரும்போல இருக்குது” என்றார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். “உங்ககிட்ட எதுக்கு மச்சான் எண்ணிக்கிட்டு” என்றேன். என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

பாதி மட்டும். பாதிக்கு மேல் தொடுவதில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

மீதிப் பாதியும்.

அக்டோபர் 4, வெள்ளி

மச்சான் போன் செய்தார். “கீத்து இன்னாச்சு மாப்ள?”

“சொல்லியாச்சு மச்சான். கிளியனூர்ல. ஒரு வாரத்துல ஏத்தி வுட்றேன்னு சொல்லிட்டான்.”

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இப்படி ஒரு ப்ளஃபை மேசையில் ஒரு நாளாவது அடித்திருந்தால் இந்நேரம் பாண்டிச்சேரியில் வீடு கட்டியிருப்பேன்.

உப்பளத்துக்குப் போகவில்லை. அந்த அம்பாரத்தைப் பார்க்க முடியவில்லை. வெயிலில் வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அக்டோபர் 9, புதன்

ஆறு நாளாகப் போகவில்லை. காலில் புண், உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த இரண்டாயிரத்தை ஏழாயிரமாக ஆக்கினேன்! முப்பத்தெட்டுக்கு இன்னும் முப்பத்தொன்றுதான். மதியச் சோற்றுக்கு முன் அந்த ஏழும் போயிற்று.

சில்வியா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். இன்று வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தாள். ஏதோ கணக்கு முடிக்க வேண்டியிருந்ததாம். வந்ததும் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து எடுத்துவந்தாள்.

“காலக் காட்டுங்க. எங்க புண்ணு?”

“உள்ள இருக்குது.”

புண்ணில்லாத பாதத்துக்குப் பொறுமையாகத் தடவிவிட்டாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. நம்பிவிட்டாள். பாவம், வெகுளி.

அக்டோபர் 14, திங்கள்

டிவியில் கடலோர மாவட்டங்களுக்குக் கனமழை என்றார்கள். ஆனால் அவர்கள் சொன்னது எப்போது நடந்திருக்கிறது? அவர்களுக்கும் என்னைப் போலத்தான், கை சரியாக விழுவதில்லை. மழை வராது. வரக் கூடாது. மாதாவே, ஒரு வாரம் மட்டும் குடு. ஒரே ஒரு வாரம்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியும்போது பெய்ய ஆரம்பித்தது. சும்மா இல்லை, கொட்டோ கொட்டென்று. டீக்கடைத் தார்ப்பாயைக் கேட்காமலே உருவிக்கொண்டு ஓடினேன். இரண்டு ஆள் உயர அம்பாரத்தை டீக்கடைத் தார்ப்பாயால் மூடப் போகிறவன்! வழியெல்லாம் அழுதேன். மழையில் தெரியாது என்பது ஒரு வசதி.

அம்பாரம் இல்லை.

கரைந்து போனால் அடியிலாவது சேறும் உப்புமாகக் கொஞ்சம் கிடக்குமே. கரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கொட்டகையில் தன் சட்டியையும் பலகையையும் எடுக்க வந்திருந்த பாஞ்சாலை, பதினைந்து வருடமாக எங்களிடம் உப்பு வாருகிறவள், என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியாதுங்களா? போன புதங்கெழமையே லாரி வந்து ஏத்திக்கினு போய்ட்டாங்களே. சில்வியாம்மாதான் லீவு போட்டுட்டு வந்து நின்னாங்க. ஆளு பத்தலன்னு அவங்களும் கூட வாரிக் கொட்னாங்க.”

புதன்கிழமை. அன்று சாயங்காலம்தான் என் காலுக்கு மஞ்சள் தடவினாள். உப்பு வாரிய கையோடு.

அக்டோபர் 16, புதன்

மச்சான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் உப்பளம் போகாததில் சந்தேகப்பட்டு, கிளியனூர்க் கீற்றுக்காரனுக்குப் போன் செய்தது சில்வியாதானாம். “அப்படி யாரும் சொல்லலியேம்மா” என்றிருக்கிறான். அப்புறம் அண்ணனும் தங்கையும் பேசி, மழைக்கு முன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். டிசம்பர் விலையில் பாதி. முழுதும் போவதற்குப் பாதி மேல்.

“எங்கிட்ட ஏன் சொல்லல மச்சான்?”

“சொன்னா இன்னா செய்வ? அந்தப் பணத்தையும் கேப்ப.”

கேட்டிருப்பேன். அதுதான் கொடுமை.

அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. கரைந்த உப்பு, மடை, வெயில், எல்லாவற்றையும் அவரிடம் விளக்கினேன். அவர் சொல்லித்தந்த பாடத்தை அவருக்கே. முழுதும் கேட்டார்.

“அது நம்ம பாத்தி மாப்ள. சுத்தி வரப்பு நம்மளுது, தண்ணி எங்கயும் போவாது. நீ கரச்சது யாரு பாத்தியில?”



அக்டோபர் 20, ஞாயிறு

ஆப்பை அழித்தேன். மதியம் திரும்ப ஏற்றினேன். சாயங்காலம் அழித்தேன். வெட்கமாக இருக்கிறது. கிண்டலாக எழுதிப் பார்த்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில்வியா எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறாள், மீன் எடுத்து வைக்கிறாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வருடமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இருபத்தெட்டு நாள். வாத்தியார் வீடியோவையும் நிறுத்திவிட்டேன். அவருக்கு ஒரு சந்தாதாரர் நஷ்டம்.

ஜனவரி 13, திங்கள்

புதுக் குத்தகைப் பத்திரம். சகாயநாதன் பாதி, சில்வியா பாதி. சாட்சிக் கையெழுத்துக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. நானே போய் மச்சானிடம் நின்றேன்.

“கூலி ஆளுங்களோட ஆளா வர்றதுன்னா வா. மேஸ்திரி வேலைக்கு வேணாம்.”

பிப்ரவரி 1, சனி

வாரம் முழுக்கப் பாத்தி மிதித்தேன். களிமண் தரை கல்போல இறுகும்வரை காலாலேயே மிதிக்க வேண்டும். இப்போது காலில் நிஜமாகவே புண். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் யார் நம்புவார்கள்?

பதினொரு மணிக்குக் கூலி. கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் நோட்டு வைத்து சில்வியா உட்கார்ந்திருந்தாள். கூலியைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் திங்கட்கிழமை வருவதைக் கேட்டுக்கொள்வது இங்கே வழக்கம். வருகிறேன் என்று வாயால் சொன்னால் போதும், அந்த ஆளை வேறு உப்பளக்காரன் கூப்பிட மாட்டான். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது.

பாஞ்சாலைக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது. பணத்தைக் கையில் வைத்தாள். தலையை நிமிர்த்தி, பாஞ்சாலையிடம் கேட்ட அதே குரலில் என்னிடமும் கேட்டாள்.

“திங்கக்கிழமை வர்றீங்களா?”

“வர்றேங்க” என்றேன்.

குனிந்து என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டாள்.