மூஞ்சி அந்தப் பக்கம் பார்க்கும் மட்டை

மாப்ளே,

செத்துப் பல மாதம் கழித்து நீ இப்படி வசமாக மாட்டிக்கொள்வாய் என்று நான் நினைக்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்க வந்தேன். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நீ கொத்திப் போட்ட துண்டு நிலத்தில் போஞ்சிக் கொடி காற்றுக்குச் சாய்ந்து கிடந்தது. "கொஞ்சம் நிமித்திக் குடுங்கண்ணே" என்றாள். போய்ப் பார்த்தால், ஊரில் எல்லாரும் கொடிக்குக் கம்பு நடுவார்கள், நீ கோல்ஃப் மட்டைகளை நட்டு வைத்திருக்கிறாய். தலை மண்ணுக்குள், கைப்பிடி மேலே. தண்டெல்லாம் துரு. பிடி ரப்பர் வெடித்து, அதன்மேல் போஞ்சி சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த மட்டைகளைச் செய்த வெள்ளைக்காரன் பார்த்தால் அங்கேயே மயக்கம் போட்டு விழுவான்.

ஓரத்தில் ஒன்று மட்டும் கொடி இல்லாமல் தனியாக நின்றது. பிடுங்கினேன். தலைக்கு ஷாப்பிங் பேக் சுற்றி, கயிறு கட்டி நட்டிருந்தாய். அவிழ்த்தேன். துருவே இல்லை. எண்ணெய் வாசம் அடித்தது. ஏழாம் நம்பர் மட்டை.

"தங்கச்சி, இது என்னா?"

"ஐயோ, அத விடுங்கண்ணே. அது அவரு கம்பு. அதுல கொடி ஏத்த விடமாட்டாரு."

"இத வச்சி என்னா செஞ்சாரு?"

"வேல முடிஞ்சி வந்து பிடுங்குவாரு. நாலு வீசு வீசுவாரு. பந்து கெடையாது, ஒன்னும் கெடையாது. பெறகு கழுவித் தொடச்சித் திரும்ப நட்டுருவாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு வேற சொல்லி வச்சிருந்தாரு."

அப்போது பிடித்த கோபம் மாப்ளே. இன்று வரைக்கும் இறங்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கையெழுத்துப் போடுவதற்கே நாக்கைக் கடிப்பவன். என்னைப் பக்கம் பக்கமாக எழுத வைத்துவிட்டாய். நடந்ததை எல்லாம் உனக்கே திருப்பிச் சொல்லப்போகிறேன், கேள். உயிரோடு இருந்தபோது நான் பேசினால் பாதியில் எழுந்து போவாய். இப்போது எங்கே போவாய் என்று பார்க்கிறேன்.

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் நான் ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவன். நீ புல்வெட்டும் மெஷின்காரன். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கு, இனிமேல் மாப்பிள்ளையை 'நீங்க' என்று கூப்பிடு என்று அம்மா சொன்னாள். கல்யாணச் சாப்பாடு முடிவதற்குள் அது முடிந்துபோனது. 'மாப்ளே' என்பது மட்டும் நின்றது. நான் உனக்கு மச்சான். கேலி பேசுவதற்கென்றே கடவுள் கொடுத்த முறை.

திங்கட்கிழமைகளில் ஆட்டக்காரர்கள் வரமாட்டார்கள். அன்றைக்கு மைதானம் வேலையாட்களுக்கு. எங்கள் கையில் இருந்தது நாலைந்து பழைய மட்டைகள், எல்லாமே வலது கைக்குச் செய்தவை. நீயோ இடது கை. சோறு தின்னும் கையை மாற்றுவதற்கு உன் அப்பா உன் விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றினார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் கை மாறியது. மட்டை பிடிக்கும் கை மாறவில்லை. வலது பக்கம் நின்று அடித்தால் பந்து தவளை மாதிரி தத்தும். இடது பக்கம் நின்று மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மூக்கு நுனியால் அடித்தால் எங்காவது தேயிலைக்குள் போய் விழும்.

"பீச்சாங்கையில அடிச்சா பந்துக்கே அருவருப்பா இருக்காதா?" என்று பயல்கள் கத்துவார்கள். நீ என்ன செய்வாய்? சிரிப்பாய். "பரவாயில்ல, நீங்க ஆடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நிற்பாய்.

பரவாயில்ல. அந்த ஒரு சொல்லை உன் வாயிலிருந்து பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகினால் பரவாயில்ல. சம்பளம் பிந்தினால் பரவாயில்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் உன் இலைக்குக் கறி வராமல் போனால்கூடப் பரவாயில்ல. யாருக்குப் பரவாயில்லை? உனக்கா, உனக்குத் தராமல் போனவனுக்கா?

ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மழை தூறிக்கொண்டிருந்தது. உரச் சாக்குகளுக்கு அடியில் ஒரு பழைய பை கிடந்தது. ஒரு மட்டையை உருவி இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தாய்.

"மச்சான், இதுக்கு என்னா, மூஞ்சி அந்தப் பக்கம் பாக்குது?"

"ஒன்னயப் பாக்கப் புடிக்கல போல."

பிறகுதான் எனக்கே உறைத்தது. இடது கைக்குச் செய்த செட்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப் போயிருக்கிறான். ஸ்டோருக்குப் பின்னால் போய் ஒரு பந்தை வைத்தாய். உனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. புல்வெட்டிக்கொண்டே ஆயிரம் பேர் அடிப்பதைப் பார்த்த கண் மட்டும்தான். அடித்தாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து சைப்ரஸ் மரங்களுக்கு மேலே ஏறி, பனிமூட்டத்துக்குள் போய், விழுந்த சத்தமே கேட்கவில்லை. நீ வீசி முடித்த நிலையிலேயே நின்றாய், கை இரண்டும் தோளுக்கு மேலே. நான் உன் முகத்தைப் பார்த்தேன். தங்கச்சி கழுத்தில் தாலி கட்டும்போதுகூட நீ அப்படி இருக்கவில்லை.

அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

அதற்கு அடுத்த மாதம் கிளப் செக்ரட்டரி தொரை, ஸ்டோரில் கிடக்கும் பழைய செட்டுகளை வேலையாட்களே ஆளுக்கொரு பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். நிரந்தர வேலைக்காரர்கள் முதலில், பை தூக்குகிறவர்கள் கடைசியில். அதாவது நீ முன்னால், நான் வாலில். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நிற்கிற மாதிரி எல்லாரும் வரிசையில் நின்றோம். தொரைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? ஒருவனும் மட்டையை உருவிக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. நீளம் சரியா, தண்டு வளைகிறதா, பிடி வழுக்குகிறதா, ஒன்றும் கிடையாது. எல்லாரும் பையைத் தோளில் மாட்டி, ரெண்டு குலுக்குக் குலுக்கி, "இது கனமில்ல, இது நல்லது" என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது அதுதான். சொந்தமாக ஆடுவதற்கு எடுக்கிறோம் என்பது ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை.

உன் முறை வந்தது. இடது கைப் பை சுவரோரம் சாய்ந்திருந்தது. வேறு யாருக்கும் அது உதவாது. உனக்காகவே நின்றது.

"மாப்ள, ஒம் பொண்டாட்டி அங்க நிக்கிறா, கூட்டிட்டுப் போ" என்று நான்தான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நேராகப் போனாய். அந்தப் பையைத் தாண்டினாய். இருந்ததிலேயே நல்ல கறுப்புப் பையை, வலது கைச் செட்டை எடுத்துக்கொண்டு வந்து என் தோளில் மாட்டினாய்.

"மச்சான், ஒன் முற வர்றப்ப ஓட்டை ஒடசல்தான் மிஞ்சும். இத நீ வச்சிக்க."

"அப்ப ஒனக்கு?"

"எனக்குப் பரவாயில்ல."

நான் கேட்டேனா? யாராவது உன்னிடம் கேட்டார்களா? பையைக் கழற்றி உன் காலடியில் போட்டேன். நீ திரும்ப எடுத்து மாட்டினாய். மறுபடியும் போட்டேன். வரிசையே வேடிக்கை பார்த்தது. "ஒரு ஆளுக்கு ஒரு பைதான், சண்டை போடாமல் முடியுங்கள்" என்றார் தொரை. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். கறுப்புப் பை என் பங்காகவே கணக்கில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த மூஞ்சி திரும்பிய செட்டைக் குப்பையோடு கழித்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். நான் நம்பினேன். நீ அதைக் குப்பையிலிருந்து சுமந்து வந்து போஞ்சிக்கு நட்டிருக்கிறாய்! ஒன்றை மட்டும் துணி போட்டுத் துடைத்து, எண்ணெய் பூசி, ஆள் பார்க்காத நேரத்தில் காற்றை அடித்திருக்கிறாய். ஏன் என்னிடம் மறைத்தாய்? சொன்னால் மச்சான் கறுப்புப் பையைத் தூக்கி எறிவான், திங்கட்கிழமை உன்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவான் என்றுதானே? ஆமாம், இழுத்திருப்பேன். அந்தப் பயல்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நிற்க, நீ பந்தை மலை தாண்டி அடித்திருப்பாய். அதை நான் பார்த்திருப்பேன். அந்தத் திங்கட்கிழமையை எனக்கும் சேர்த்துத் தராமல் விட்டுவிட்டாய்.

அதுகூடப் போகட்டும். நெஞ்சு கரிக்கிறது என்று சொன்ன காலையில் தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். என்ன சொன்னாய்? "பரவாயில்ல, வாயுதான்." இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புல் வெட்டப் போனாய். மெஷின் மேலேயே சாய்ந்தாய். ஓடி வந்து தூக்கினது நான். எத்தனையோ பேருடைய பையைத் தூக்கியிருக்கிறேன் மாப்ளே. அந்தக் கனம் எதிலும் இருந்ததில்லை.

இப்போது உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். தர்சினி ஹோட்டல் வேலைக்குப் போகிறாள், உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவள் கோல்ஃப் பழகுகிறாள். டவுனில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. அவளும் உன் கைதான். ஒரு செட்டு சொந்தமாக இருந்தால் நல்லது என்று கோச் சொன்னாராம். "மாமா, எனக்கு ஒன்னும் தெரியாது, நீங்கதான் பாத்து எடுத்துத் தரணும்" என்று வந்து நின்றாள். உன் ஏழாம் நம்பரைக் கொடுக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். அது ஆகாது. இரும்புத் தண்டு, கனம், அவள் உயரத்துக்கு நீளம். பழகுகிறவளுக்கு இலேசான தண்டு வேண்டும், அகலமான தலை வேண்டும். பதினாலு மட்டையும் வேண்டாம், பாதி போதும்.

பழைய செட்டுகள் வாங்கி விற்கிற ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பையைத் தோளில் மாட்டிப் பார்க்கவில்லை. மட்டையை அவள் கையில் கொடுத்து நிற்க வைத்துப் பார்த்தேன். நல்ல அழகான பை, இலேசான மட்டைகள். எல்லாம் வலது கைக்கு.

"இடது கைக்கு இல்ல மல்லி" என்று சிங்களத்தில் தம்பி போட்டார் கடைக்காரர். "கொழும்புல சொல்லி வைக்கணும், மூனு வாரம் போகும். பொறகு விக்கவும் ஏலாது. புதுசா பழகுற புள்ளதானே? எந்தக் கையா இருந்தா என்ன?"

தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் சிரிப்பு.

"பரவாயில்ல மாமா. இதையே எடுப்போம். பழகிக்கலாம்."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கடைக்குள் நின்று கத்தினேன். "என்னா சொன்ன? இன்னொரு தரம் அந்த வார்த்தயச் சொன்னீன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்! பரவாயில்லன்னு சொல்லிச் சொல்லியே சாவுங்கடி! ஆடாமச் சாவுங்க, மருந்து குடிக்காமச் சாவுங்க!" கடைக்காரர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். ரோட்டில் போனவன் நின்று பார்த்தான். கோமாளி என்று ஊர் சொல்லும் உன் மச்சான், கண்ணில் தண்ணீரோடு, கையில் ஒரு பொம்பளை மட்டையோடு நிற்கிறேன்.

தர்சினி பயப்படவில்லை. மட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

"என்னய எதுக்கு மாமா திட்டுறீங்க? அப்பாவத் திட்டணும்னா அப்பாவத் திட்டுங்க."

அதனால்தான் இந்த மடல்.

பிறகு அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இடது கைக்கே வரவழச்சித் தாங்க. நான் காத்திருக்கேன்." வெளியே வந்ததும் என்னிடம் விரலை நீட்டிச் சொன்னாள்: "நீங்க கத்துனதுக்காக இல்ல. யோசிச்சிப் பாத்தேன். எனக்கு வேணும்."

எனக்கு வேணும். மாப்ளே, நம் வீட்டில் யார் வாயிலிருந்தாவது இப்படி ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறாயா? எங்கள் அம்மா சொன்னதில்லை. தங்கச்சி சொன்னதில்லை. இத்தனை கேலி பேசுகிற நானும் சொன்னதில்லை.  

செட்டு வந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை. காலையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீச்சில் பந்து அசையவே இல்லை, புல்தான் பறந்தது. நீ இருந்திருந்தால் அந்தப் புல்லுக்காக அழுதிருப்பாய். இரண்டாவது வீச்சில் பந்து பக்கவாட்டில் உருண்டது. "இன்னொன்னு குடுங்க மாமா" என்றாள். கொடுத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஏற்றத்தில் பையை நான்தான் தூக்கினேன். "நானே தூக்குறேன், குடுங்க" என்றாள். கொடுக்கவில்லை. பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தூக்கிய தோள் இது, சொந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் தூக்கட்டும். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. "எறக்கி வைங்க மாமா, நெஞ்சு வலிக்குதா?" என்று பதறினாள். பை கனமே இல்லை. உன்மேல் உள்ள கோபத்தையும் அதே தோளில்தான் போட்டிருக்கிறேன், அதுதான் அழுத்துகிறது. ஒரே ஒரு தடவை, "எனக்கு வேணும் மச்சான்" என்று நீ கேட்டிருந்தால் போதும். நீ கேட்கவில்லை. அதனால் நான் இறக்கி வைக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் மச்சான்