முத்திரை விழாத குதிரைகள்

வெஸர் ஆற்றங்கரை முகாம்,
12 ஜூன் 1759, செவ்வாய்

அன்புள்ள கெஸினே,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம்.

பீரங்கி இழுக்க நம் நான்கு குதிரைகளையும் அறுவடை வரைக்கும் வாடகைக்குத்தான் விட்டேன். ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, லெப்டினன்ட் அவற்றுக்கு மன்னர் முத்திரைச் சூடு போட வந்தார். சூடு விழுந்தால் குதிரை படைக்கே சொந்தம், வீடு திரும்பாது.

“தள்ளுய்யா கெழவா!”

“வாடகைக்கு விட்டேன் ஐயா, விக்கல. குத்தியே ஆகணும்னா எனக்குக் குத்துங்க. பீரங்கியிலயும் கட்டிப் பாருங்க, எவ்வளவு தூரம் இழுக்குறேன்னு!”

வண்டியோட்டிகள் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. நானும் நகரவில்லை. கடைசியில் சூட்டு இரும்பை எறிந்துவிட்டுப் போனார். நான்கின் தோலிலும் ஒரு கீறல்கூட இல்லை.

என் தோல்கோட்டு தோளருகே கருகிவிட்டது, பழையதை அனுப்பு. தீப்புண்ணுக்கு நீ பூசும் வாத்துக் கொழுப்பும் சிறிது வேண்டும். குதிரைகளுக்கன்று.

மடல் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். அறுவடைக்கு ஐவரும் வருவோம்.

உன் ஹின்ரிக்