என் கட்டைவிரலுக்கு வைத்த பொட்டு

போகும்போதும் இடுப்பில் சாவிக்கொத்தோடு போகப் பார்த்த என் அருமை மச்சானுக்கு,

நான்தான், உங்கள் மாப்ள. விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் வடை சுடுகிறவன். "என் மச்சினன் அஞ்சாப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன்" என்று ஊரெல்லாம் நீங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்த அதே ஆள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்தால் என் எழுத்து இன்னும் கோணிக்கொள்ளும். இப்போது வந்திருக்கிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

உங்கள் வீட்டு வாசல் கதவைப் பற்றித்தான் பேச வந்தேன். அங்கே போயும் உங்களுக்கு அந்த நினைப்புதானே இருக்கும்?

மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷன் நீங்கள். அங்கே பூட்டிப் பூட்டிப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது. பூட்டைப் போட்டுவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பீர்கள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பீர்கள். கொட்டாம்பட்டிக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, சீட்டுப் பிடித்து, பஸ்ஸும் கிளம்பிய பிறகு, "மாப்ள, பூட்டை இழுத்துப் பார்த்தேனா?" என்று கேட்டீர்கள்.

"இழுத்தீங்க மச்சான். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா கதவே கையோட வந்திருக்கும்" என்றேன். கேட்டீர்களா? எல்லாரையும் இறக்கி, ஊரைச் சுற்றித் திரும்ப விளாங்குடிக்குக் கூட்டிப் போய், பூட்டை இழுத்துக் காட்டி, மறுபடி பஸ் ஏற்றினீர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பொண்ணும் மறுவீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டி வந்த அக்கா, பந்தி முடிந்த பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டாள். அதற்கும் சிரித்தாள், பாவம்.

அந்தப் பூட்டால் எங்களுக்கு வந்த பாடு அம்புட்டு. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை மச்சான். நீங்கள் மில்லுக்குப் போனால் சாவியும் மில்லுக்குப் போகும். அக்கா வீட்டில் இருப்பாள். இந்தா இருக்கிற என் வீட்டுக்குக் கூப்பிட்டாலும், "வீட்டைப் போட்டுட்டு எப்படிடா வர? அவுக வரட்டும்" என்பாள். நான் அதை அலுப்பு என்று நினைத்தேன்.

நீங்கள் போன அன்றைக்கு, குளிப்பாட்டுவதற்கு முன்னால், உங்கள் அரைஞாண் கயிற்றில் இருந்த கொத்தை அவிழ்க்க முடியாமல் அவிழ்த்தார்கள். பங்காளிகள் அதை உங்கள் மகன் செந்தில் கையில் கொடுத்தார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு செந்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பிள்ளை, புதுசாக ஏதாவது கொண்டுவராவிட்டால்தான் அதிசயம். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்குக் கதவில் ஓட்டை போட்டு, கறுப்பாக ஒரு மிஷினை மாட்டினான். மேலே கண்ணாடி மாதிரி ஒரு கண், கீழே வரிசையாக நம்பர்ப் பொத்தான்.

"மாமா, இனிமே இந்த வீட்டுல சாவிங்கிற பேச்சே கிடையாது. விரலை வச்சாத் தொறக்கும். சாத்தினாத் தானாப் பூட்டிக்கிரும்."

"மூக்கை வச்சாத் தொறக்குமா மருமகனே?"

"விளையாடாதீங்க மாமா. அம்மா தனியா இருக்காங்க. சாவியத் தொலைச்சிட்டு நிக்கக் கூடாதுல்ல?"

நல்ல எண்ணந்தான். யார் இல்லை என்றது? ஆனால் அக்காவின் விரலை அந்த மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினோம், துடைத்தோம், ஊதினோம். கட்டைவிரல், ஆள்காட்டி, சுண்டுவிரல் எல்லாம் வைத்தாயிற்று. டீ டீ டீ என்று கத்திச் சிவப்பு லைட்டைக் காட்டியது. உங்களுக்குப் பாத்திரம் தேய்த்தே ரேகை தேய்ந்த கை அது, மிஷினுக்கு எங்கே தெரியும்? சும்மா என் கட்டைவிரலை வைத்தேன், பச்சை! பள்ளிக்கூடத்தில் பாஸ் என்பதையே அறியாதவன், அந்த மிஷினில் முதல் தடவையே பாஸ்.

நம்பர் போட்டாலும் திறக்குமாம். ஆனால் நம்பரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். "அம்மா காலண்டர்ல எழுதி வச்சிருவாங்க. நீங்க கடையில நிக்கிற ஆளுக்கெல்லாம் சொல்லிருவீங்க." அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

ஆக, உயிரோடு இருந்தவரை எந்த மாப்ளையை நம்பி ஒரு நாள்கூடச் சாவியைக் கொடுக்கவில்லையோ, அந்த மாப்ளையே உங்கள் வீட்டுக்குச் சாவியாகிவிட்டேன் மச்சான். நியாயமாக இதற்கு நீங்கள் எழுந்தே வந்திருக்க வேண்டும்.

பெருமையாகத்தான் இருந்தது, ஒரு வாரத்துக்கு. அப்புறந்தான் தெரிந்தது சாவியின் பிழைப்பு என்னவென்று. அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் நான் போய்த் திறக்க வேண்டும். காய் வாங்கிவிட்டு வந்தால் திறக்க வேண்டும். குப்பை கொட்ட வெளியே வந்து, காற்றில் கதவு சாத்திக்கொண்டாலும் நான்தான். எண்ணெய் காய்ந்து, வடை பாதி வெந்துகொண்டிருக்கும். அக்கா பையோடு கடை ஓரத்தில் வந்து நிற்பாள். வாய் திறக்க மாட்டாள். டீ குடிக்கிறவர்கள்தான், "அண்ணே, சாவியக் கூப்பிட ஆள் வந்தாச்சு" என்பார்கள். அடுப்பை அணைத்து, கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு ஓடுவேன். விரலில் துளி உளுந்த மாவு இருந்தாலும் சிவப்பு. என்ன ஆசாரம் பார்க்கிறது அந்தச் சனியன்!

கொஞ்சம் கொஞ்சமாக அக்கா வருவது குறைந்தது. ஆடி வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. கோயில் இல்லை, கடைகண்ணி இல்லை, ஒரு விசேஷத்துக்கும் வருவதில்லை. போய்க் கேட்டேன்.

"சட்டிய அணைச்சுட்டு அணைச்சுட்டு நீ ஓடியாரதைப் பார்க்கச் சங்கட்டமா இருக்குடா தம்பி. எனக்கு வெளிய என்ன வேலை கெடக்கு?"

செந்திலுக்குப் போன் போட்டால், "அப்ப வீட்டைப் பூட்டிட்டு அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துர்றேன் மாமா" என்கிறான். அக்காவோ இந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறாள். வெளியே வரவும் முடியாது, விட்டுப் போகவும் மனசில்லை. இதற்குப் பேர் வீடா மச்சான்?

உங்கள் வருஷத் திதி முடிந்து வந்த முதல் ஆயுத பூசை. நீங்கள் வருஷா வருஷம் பூட்டைப் புளி போட்டு விளக்கி, எண்ணெய் விட்டு, பூட்டுக்கும் சாவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பீர்களே, அதை விடக் கூடாது என்று அக்காவுக்குப் பிடிவாதம். அரிவாள்மனைக்கு வைத்தாள், உங்கள் ஸ்கூட்டருக்கு வைத்தாள். அப்புறம் கதவுக்கு வந்தாள். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் குழையக் குழையச் சந்தனம், நடுவில் குங்குமம். அந்தக் கண்ணாடிக் கண்ணுக்குக் கூடக் கொஞ்சம் பெரிய பொட்டு. மிஷின், மாரியம்மன் மாதிரி ஜெகஜ்ஜோதியாக இருந்தது.

"பூட்டுக்கு வச்சாச்சு. சாவி எங்கடா?" என்று தேடினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கையக் காட்டு."

என் கட்டைவிரலைப் பிடித்துச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடமும் காட்டிவிட்டாள். சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அதனால் நானும் அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஸ்கூட்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து உருட்டத் தெருவுக்கு இறங்கினோம். பழம் நசுங்கியது. பின்னால் காற்றில் கதவு சாத்தியது. 'டிக்.'

கழுவித் துடைத்து விரலை வைத்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. செந்திலுக்குப் போன் போட்டேன். வேறு வழியில்லாமல் நம்பரைச் சொன்னான். எந்த நம்பர் தெரியுமா? உங்கள் ஸ்கூட்டர் நம்பர்! இம்புட்டு ரகசியமாக வைத்திருந்த நம்பர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைச் சத்தம் போட்டுச் சொல்லிச் சொல்லி அமுக்கினேன். தெருவே மனப்பாடம் செய்துகொண்டது. பொத்தான் சந்தெல்லாம் சந்தனத் தண்ணீர். மிஷின் நீளமாக ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிவிட்டது.

"உள்ள விளக்கு எரியுதுடா. அவுக படத்துக்குப் பக்கத்துல" என்றாள் அக்கா.

காளவாசலுக்கு ஓடிப் பூட்டு ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, ஆயுதத்தையெல்லாம் சாமி முன்னாடி வச்சாச்சு. இன்னைக்குத் திருப்புளியத் தொட்டா வருசம் பூராத் தொழில் விளங்குமா? நாளைக்குக் காலையில முத வேலை உங்களுதுதான்" என்றார். ஆசாரியிடம் போனேன், அதே பேச்சு. மதுரையில் அன்றைக்கு ஊசி முதல் சுத்தியல் வரை லீவு. திருடனே வந்திருந்தாலும் கடப்பாரையைத் தொட்டிருக்க மாட்டான்.

திரும்பவும் போன் போட்டு, "கதவை எட்டி உதைக்கட்டுமாடா?" என்றேன். அப்போதுதான் மெதுவாக ஒன்றைச் சொன்னான்.

"வேண்டாம் மாமா. அந்த மிஷினுக்கு அடியில ஒரு மூடி இருக்கும். அதைத் தள்ளினா சாவித் துவாரம் இருக்கு."

"சாவித் துவாரமா? சாவி?"

"ரெண்டு குடுத்தாங்க. பத்திரமா இருக்கட்டும்னு இங்க பீரோவுல வச்சிருக்கேன்."

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான். சாவி விளாங்குடியில் இருந்தால் தொலைந்துவிடுமாம், பெங்களூரில் இருந்தால் பத்திரமாம். நீங்கள் இடுப்பில் வைத்தீர்கள், அவன் பீரோவில் வைத்தான். உங்களில் யாரைத் திட்டுவது?

"ராத்திரி பஸ் ஏறுறேன்" என்றான். அக்காவை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அழுவாள், விளக்கு விளக்கு என்று புலம்புவாள் என்று பயந்தேன். ஒரு வாய் காப்பி குடித்தாள். என் பெண்டாட்டியைப் பார்த்து, "மீனாட்சியம்மன் கோயில்ல கொலு வச்சிருப்பாகளே, போவமா?" என்றாள்.

"வீடு அக்கா?" என்றேன்.

"அதான் யாராலயும் தொறக்க முடியாமக் கெடக்கே. நான் வேற எதுக்குக் காவலு?"

போய்விட்டுப் பொழுது சாய்ந்து வந்தார்கள். கையில் வளையல் பொட்டலம், வாயில் புதுமண்டபத்துக் கதை. அக்காவை அப்படிப் பேசிப் பார்த்து எத்தனை காலமாயிற்று?

விஜயதசமி காலையில் செந்தில் வந்தான். தலை பரட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. மூடியைத் தள்ளினான், சாவியைப் போட்டுத் திருப்பினான், கதவு திறந்தது. விளக்கு தன்பாட்டுக்கு எரிந்து அடங்கியிருந்தது. உங்கள் படத்தில் ஒரு கரிக்கோடு கூட இல்லை. மிஷினைத் துடைத்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தி, உங்கள் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? கைப்பிடியைப் பிடித்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். எனக்கு ஒரு நிமிஷம் மச்சான் வந்துவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

அக்கா கையை நீட்டினாள். "ஒரு சாவியக் குடு."

"வேணாம்மா. இந்தா, பேட்டரி மாத்தினா விரல்லயே தொறக்கும். சாவிய வச்சிருந்தாத் தொலைச்சிருவீங்க."

"இம்புட்டு வருசத்துல எங்கிட்ட யாராவது ஒரு சாவி குடுத்தீகளாடா, நான் தொலைக்கிறதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். செந்தில் என்னைப் பார்த்தான். நான் உங்கள் படத்தைப் பார்த்தேன். நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கொடுத்தான். அவள் அதை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றாள். வந்தோம். கதவைச் சாத்தினாள். சாவியைப் போட்டுத் திறந்தாள். சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

"அக்கா, எங்க போற?"

"போறேன்."

"அம்மா, இன்னொரு சாவி உள்ள என் பையில கெடக்கு! நான் இன்னும் பல்லுகூட விளக்கல!" என்று கத்தினான் செந்தில்.

"வந்து தொறக்குறேன்டா" என்ற சத்தம் மட்டும் தெருமுனையிலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தும் பார்க்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் உங்கள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் செந்திலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாமா, கதவு சரியாப் பூட்டியிருக்கா?" என்று எழுந்து கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினான். கையில் ஒரு போடு போட்டேன், உங்களுக்கும் சேர்த்து.

இப்போது அக்கா கடைக்கு வருகிறாள். வடை வாங்க வருகிறாள், சாவி கூப்பிட அல்ல. கையில் காசு வைத்துக்கொண்டு, "ஒழுங்கா வெந்துருக்காடா?" என்று நொட்டை சொல்லிவிட்டுப் போகிறாள். இன்னொரு சாவியை என்னிடம் கொடுத்து வைக்கட்டுமா என்று செந்தில் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன் மச்சான். அக்கா பூட்டிவிட்டுப் போன கதவை நான் இழுத்துப் பார்க்க மாட்டேன். எங்கே போனாள், எப்போது வருவாள் என்று கேட்கவும் மாட்டேன். உங்களுக்குக் கவலையாக இருந்தால், வழக்கம்போலத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நீங்களே இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் வராமல் இழுங்கள். உள்ளே அக்கா தூங்குவாள்.

உங்கள் வீட்டுக்குக் கொஞ்ச காலம் சாவியாக இருந்து ஓய்வு பெற்றவன்,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
நீங்கள் கடைசிவரை நம்பாத உங்கள் மாப்ள.