ஓம் என்ற படகு

டிசம்பர் 26

குளிர், ஆனால் மழை இல்லை. நாளை காலை புறப்பாடு, கடவுள் சித்தமானால்.

கொண்டுபோக: அரிசி, பருப்பு, சம்பல் சின்னப் போத்தல். இவருடைய மாத்திரைப் பெட்டி. கம்பளிக் காலுறை நிறைய. உப்பு ஒரு பை, சமையலுக்கு அல்ல, படகின் மேல்தளத்தில் பனி உறைந்தால் தூவ. குடிதண்ணீர் வீட்டிலிருந்தே, துறையில் குழாயைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவிட்டார்கள். கருவாடு வேண்டாம். போன முறை பொரித்த மணம் உயிர்த்த ஞாயிறு வரை திரைச்சீலையை விட்டுப் போகவில்லை.

நத்தார் முடிந்த கையோடு கால்வாயில் ஐந்தாறு நாள். வருடா வருடம் இப்படித்தான். கோடையில் கால்வாய் முழுக்கச் சனம், பாட்டு, பியர் போத்தல். குளிர்காலத்தில் சரக்குக் கப்பல்களும் நாங்களும்தான். இவருக்கு அதுதான் விருப்பம். விருப்பமாக இருந்தது என்று எழுத வேண்டுமோ, தெரியவில்லை. அதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறேன்.

மே மாதம் இவருக்குப் பக்கவாதம். காலுக்குப் பலம் திரும்பிவிட்டது, வலது கைக்குப் பாதி. பேச்சுத் திரும்பவில்லை. லொறி ஓட்டிய காலமெல்லாம் கதைத்த ஜேர்மன் முழுக்கப் போயிற்று. தமிழில் ஒரே ஒரு சொல் மிச்சம்: ஓம். மந்திரம் அல்ல, எங்கள் ஊர் 'ஆமாம்'. பசிக்கிறதா, ஓம். பசிக்கவில்லையா, அதற்கும் ஓம். குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தவர் என்னைக் கண்டதும் சொன்னதும் ஓம்.

துறைப் பொறுப்பாளர் ஹெர் குரூஸ. (மன்னாரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் குரூஸ். இந்த மனிதர் எந்தக் குரூஸின் வழியோ என்று முன்பு நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம்.) புதுவருடத்தன்று பதில் சொல்ல வேண்டும்: துறையில் இடத்தை அடுத்த வருடமும் வைத்திருக்கப் போகிறோமா, படகை விற்கப் போகிறோமா. வாங்க ஆள் பார்த்து வைத்திருக்கிறார். நல்ல மனிதர், நெருக்கவில்லை.

மகள் நிரோ ஆஹெனிலிருந்து போன். "அம்மா, இந்தக் குளிருக்க அப்பாவைத் தண்ணிக்குக் கொண்டு போறீங்களே? வித்துப்போடுங்கோ. உங்களுக்கு ஒரு நாளாவது நிம்மதி வேணும்." பாசத்தில் சொல்கிறாள். கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

டிசம்பர் 27

மேகம். காற்று இல்லாதது பெரிய உபகாரம்.

டீசல் ஹீட்டர் முதல் தடவையிலேயே பிடித்தது. ஆண்டவரே நன்றி. இயந்திரமும் அப்படியே. ஓட்டுநர் நான். கோடை முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இடையில் பஸ்ஸில் இருந்து படித்து எடுத்த உரிமம். சப்பாத்துக் கயிற்றில் முடிச்சுப் பழகினேன். ரேடியோவில் கதைக்கத் தனிச் சோதனை, அதுவும் பாஸ். அதற்கு முன் இத்தனை வருடம் இந்தப் படகில் எனக்கு இரண்டே வேலை, கயிறு பிடிப்பதும் தேத்தண்ணீர் போடுவதும். சுக்கானை இவர் ஒருவருக்கும் தர மாட்டார்.

இன்று இவர் பக்கத்துக் கதிரையில், மடியில் போர்வையோடு. கரையில் ஒரு நாரை நின்றது. காட்டினேன். "ஓம்."

முதல் ஷ்லொய்ஸ. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை நிரப்பி மேல் மட்டத்துக்கு ஏற்றும் கட்டு. பெரிய தொட்டி. உள்ளே போக ரேடியோவில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டேன், "மோட்டார் படகு ரெஜீனா, மேலே போகிறோம்" என்று. ரெஜீனா படகை முன்பு வைத்திருந்தவர் இட்ட பெயர். துறையில் பாதிப்பேர் அது என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஜெசிந்தா.

பதில் வர முன், காத்துநிற்கும் இடத்தில் படகைக் கட்ட வெளியே ஓடினேன். கயிறு இரவுப் பனியில் தடிபோல விறைத்துக் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் உள்ளே ரேடியோ கரகரத்தது. எந்தப் படகு, பெயர் விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். நான் ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கரைக் கம்பி. விடவும் ஏலாது, ஓடவும் ஏலாது.

அப்போது இவருடைய குரல். இடது கையால் ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

"ஓம்."

"ஓம்?" என்று அந்த ஆள்.

"ஓம்."

"மோட்டார் படகு ஓம், விளங்கியது. முன்னால் டாங்கர் கப்பல் போகட்டும், அதற்குப் பின்னால் வாருங்கள்."

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனோம். ஏறும் வரை கயிற்றைச் சுவரில் ஒரு கொளுவியிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே இருந்தேன். மே மாதத்துக்குப் பிறகு இவர் வெளி மனிதர் ஒருவரோடு கதைத்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு ஆள் வந்தால் அறைக்குள் போய்விடுவார்.

இரவுச் சாப்பாடு: சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். இவர் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

டிசம்பர் 28

காலையில் யன்னல் முழுக்க வேர்த்துக் கிடந்தது. துடைத்த துணியைப் பிழிந்தால் அரைக் கோப்பைத் தண்ணீர். வெளியே மெல்லிய வெயில், வந்ததும் போனது.

அடுத்த ஷ்லொய்ஸ. ரேடியோவை எடுக்கக் கை நீட்டுகிறேன், அதற்கு முன்னரே பெண் குரல்: "காலை வணக்கம், மோட்டார் படகு ஓம்." நேற்றைய ஆள் இவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். சட்டப்படி நான் உடனே திருத்தியிருக்க வேண்டும், இது ரெஜீனா என்று. வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"ஓம்."

"தனியாகத்தான் வருகிறீர்களா, பின்னால் வேறு படகு இல்லையே?"

"ஓம்."

"நல்லது, வாருங்கள்."

ரேடியோவை மாட்டிவிட்டு இவர் சிரித்தார். உதட்டால் அல்ல, வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் தொடங்கிவிட்டேன். சுக்கானைப் பிடிக்க மாட்டாமல் படகு சுவர்ப்பக்கம் சாய்ந்தது, நல்ல காலம் பக்கத்தில் இடி தாங்கும் காற்றுப் பந்துகள் தொங்கின. இத்தனை மாதம் அந்தச் சிரிப்பு எங்கே இருந்தது? கேட்டதே பெரிது. கேட்க வைத்தவனுக்குத் தோத்திரம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை படம் படமாகக் காட்டிக் கேட்பாள்: இது நாயா, இது கரண்டியா? இவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார், அவள் தலையைச் சரித்து எழுதுவாள். இங்கே அந்தச் சொல்லே சரியான பதில். யார் கூப்பிட்டாலும் அதுவே எங்கள் பெயர்.

மூன்றாவது ஷ்லொய்ஸவுக்கு ரேடியோவைத் தானே மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் தொடவில்லை.

மாலை ஹென்ரிஷன்புர்க் பக்கம் கட்டினோம். பாண் வாங்கினேன், பட்டர் வாங்க மறந்தேன்.

டிசம்பர் 29

நல்ல உறைபனி. கால்வாயில் கண்ணாடித் தகடுபோல ஐஸ். சரக்குக் கப்பல் ஒன்று உடைத்துக்கொண்டு போனது, சத்தம் முறுக்கு நொறுக்குவதுபோல. எங்கள் படகின் உடம்பு மெல்லியது, ஐஸ் அறுத்துவிடும். இன்று இங்கேதான்.

தோசைக்கு மா இல்லை, கோதுமை மாவில் ரொட்டி. ஹீட்டர் ஒரு முறை நின்றது, திரும்பப் பிடித்தது.

மதியம் நிரோ. அப்பாவோடு கதைக்க வேண்டும் என்றாள். ஒலிபெருக்கியில் போட்டேன். "அப்பா, போட் கஷ்டமா இருக்கே? வித்துப்போடுவமே?"

"ஓம்."

"கேட்டீங்களே அம்மா? அப்பாவே ஓம் எண்டிட்டார்."

"அவர் எல்லாத்துக்கும் ஓம்தானே பிள்ளை."

"அப்ப அவர் என்ன சொன்னாலும் நீங்கள் உங்களுக்குப் பிடிச்சதைத்தான் கேப்பீங்கள்."

போனை வைத்த பிறகு எனக்குள் ஏதோ அறுந்தது. இவருக்கு முன்னால் போய் இருந்தேன். "இஞ்சாருங்கோ, விப்பமே?" ஓம். "வைச்சிருப்பமே?" ஓம். "என்னைப் பிடிக்கேல்லையே?" அதற்கும் ஓம். சட்டியை டக்கென்று வைத்தேன், மூடி கீழே விழுந்து உருண்டது. இவர் குனிந்து இடது கையால் எடுத்துத் தந்தார். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் தெரிகிறது, வாய்தான் விடவில்லை. இவரிடம் போய்க் கோபப்பட்டேனே.

பிள்ளை சொன்னதில் உண்மை இருக்கிறது. படகு வேண்டுமென்று இருப்பது யாருக்கு? இவருக்கா, எனக்கா? சுக்கானைப் பிடித்து நிற்கையில் எனக்கு உடம்பில் ஒரு வலியும் தெரிவதில்லை. இதை வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆனால் இவருக்கு வேண்டாம் என்றால் விற்கத்தான் வேண்டும். இவரைச் சாட்டி நான் ஆசையை வளர்க்கக் கூடாது. எது இவருடைய விருப்பம் என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

டிசம்பர் 30

இரவில் காற்றுத் திரும்பி மழை தூறியது. ஐஸ் கரைந்துவிட்டது. திரும்புகிறோம்.

மூன்று ஷ்லொய்ஸவும் இறங்கியாயிற்று. இறங்குவது இலேசு, கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தால் சரி. இன்று இவரும் பின்கயிற்றைப் பிடித்தார், இடது கையால், ஒரு சுற்றுச் சுற்றி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஓம் படகுக்கு நல்ல புதுவருடம்" என்று கடைசி ஷ்லொய்ஸகாரர். இவர் பதிலுக்கு நீட்டி ஒரு ஓ...ம். அதில் நன்றி இருந்தது, எனக்குக் கேட்டது. நான் கேட்க விரும்பியதா, அவர் சொன்னதா, நிரோ இதைத்தான் கேட்பாள்.

மாலை ஒரு சரக்குக் கப்பலுக்குப் பின்னால் கட்டினோம். கப்பல்காரப் பெண் ஜாம் வைத்த உருண்டைப் பணியாரம் கொண்டுவந்து தந்தாள், வருட முடிவுக்கு இங்கே எல்லா வீட்டிலும் இதுதான். தட்டைத் திருப்பிக் கொடுக்கையில் கட்லட் வைத்துக் கொடுத்தேன். காரம் என்று முன்கூட்டியே சொன்னேன். பரவாயில்லை என்றாள். பிறகு அவள் கதவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

டிசம்பர் 31

மதியத்துக்கு முன் எங்கள் துறை. ஒரே தரத்தில் கட்டினேன், இடிக்காமல். பார்க்க ஒருவரும் இல்லை, அதுதான் கவலை.

செபமாலை. இந்த வருடத்துக்கு நன்றி சொல்வதா என்று தொடங்கும்போது யோசித்தேன். சொன்னேன். இவர் இருக்கிறார். கால் நடக்கிறது. சிரித்தார். எனக்குப் படகு ஓட்ட வந்தது. அது நிறைய.

வாணவேடிக்கைச் சத்தத்துக்கு இவர் போர்வைக்குள். நானும்.

ஜனவரி 1

பூசைக்குப் போய்வந்தோம். நிரோ ரயிலில் வந்தாள், அவளே செய்த ரவைக் கேக்கோடு. அப்பாவைக் கட்டிப்பிடித்து, "மெலிஞ்சு போனியள்" என்றாள். கொஞ்சம் கொழுத்திருக்கிறார், உண்மையில். சின்னக் கபினுக்குள் மூன்று பேர், யன்னல் திரும்ப வேர்த்தது.

அவளுக்கு ஓம் கதையைச் சொன்னேன். சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் ஹெர் குரூஸ. கதவில் தட்டி, புதுவருட வாழ்த்துச் சொல்லி, எங்கள் வழக்கம் தெரிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். வாங்குகிறவர் நாளை போன் எடுப்பார், என்ன சொல்லட்டும் என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள், இவர் பக்கத்தில் இருக்கும்போதும். ஹெர் குரூஸ இவரைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நிரோ அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தமிழில் சொன்னாள். "அப்பா, போட்டை வித்துப்போடட்டே எண்டு கேக்கிறார். ஓமெண்டால் ஓமெண்டு சொல்லுங்கோ. அம்மாவும் கோவிக்க மாட்டா, நானும் கோவிக்க மாட்டன்."

இவருடைய உதடு ஓ என்று குவிந்தது. சத்தம் வரவில்லை. அப்படியே நின்றது. தலையை ஆட்டினார், தன்னோடு தானே கோபப்படுவதுபோல. கழுத்து நரம்பு தெரிந்தது. ஹெர் குரூஸ கோப்பையைக் கீழே வைத்தார். "ஏ" என்றார் இவர். மூச்சு எடுத்தார். திரும்பவும், "ஏ... ஏலா."

பிறகு முழுதாக:

"ஏலாது."

"என்ன சொல்கிறார்?" என்று ஹெர் குரூஸ ஜேர்மனில் கேட்டார். நிரோதான் சொன்னாள், கண்ணீர் வழிய வழிய. "நைன். அப்பா நைன் என்று சொல்கிறார். விற்க வேண்டாமாம்."

ஹெர் குரூஸ எழுந்து இவருக்குக் கை கொடுத்தார், இடது கையை. அப்படியென்றால் அடுத்த வருடமும் இதே இடம் என்றார்.

நிரோ கேக் வெட்டினாள். துண்டு கோணலாக வந்தது. "அப்பா, கேக் வேணுமே?"

"ஓம்" என்று தட்டை நீட்டினார்.