பஸ் நிறுத்தத்தில் நாலு மணி நேரம்

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் குறைவில்லாமல் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியேறும்போது என்னோடு தனியாக ஒரு பேச்சுப் பேசுகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேனா. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. உன் சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், இனி அந்த முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொன்னாயே, அதைப் பற்றி. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நான் இஸ்திரி போடும் சலவைக்கடையின் பின்பக்கம், ஓட்டல் விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா ஆரம்பித்தது. போன தேர்தலில் தெருவே ரெண்டாகப் பிளந்து, செத்தவர் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே, அதனால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தெரு விஷயம் பேச வேண்டுமாம். கொடி, சின்னம், தலைவர் பெயர் எதுவும் உள்ளே வரக்கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவர் பேசினால், அடுத்தவர் முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ஆமாம் அதைத்தான் சொன்னேன் என்று அவர் தலையாட்டின பிறகுதான் தன் கருத்து. பாதிப் பேர் தலையாட்ட வைப்பதற்குள் களைத்துப்போய்ச் சண்டையையே மறந்துவிடுகிறார்கள். மொத்தம் பதினோரு பேர், மழை பெய்தால் ஆறு. இதில் நீ எங்கே வந்தாய் என்று கேட்பாய். அறைச் சாவி என்னிடம், அவ்வளவுதான் என் தகுதி. வாயைத் திறக்காமல் மூலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து நர்சம்மா, இவங்களுக்குத்தான் எந்தக் கட்சியும் இல்ல, மணி இவங்க கையில இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு மூன்று நிமிஷம், முடிந்ததும் நான் மணி அடிக்க வேண்டும். எனக்கா கட்சி இல்லை? உங்கப்பாவின் கட்சிக் கொடியை இருபது வருஷம் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தவள் நான். ஆனாலும் நடுநிலை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் மனுஷிக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்தேன்.

நாலாவது வாரம் குட்டு உடைந்தது. கூட்டத்துக்கு வரும் சலூன்காரர், எதிர்ப்பக்கத்து ஆள், போனில் நேரம் குறித்திருக்கிறார். நம் ஆட்கள் பேசினால் ஐந்து நிமிஷம், அந்தப் பக்கத்து ஆட்கள் என்றால் ஒன்றரை நிமிஷத்தில் மணி. ஏங்க்கா, எங்க ஆளு வாயத் திறந்தா மட்டும் உங்க கை அரிக்குதோ என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை கண்ணு, அவர்கள் பேசினால் நேரம் நிஜமாகவே இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்வது. மணியைப் பிடுங்கி வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, இனி நீங்களும் எங்கள மாதிரி பேசி, திருப்பிச் சொல்லித்தான் ஆகணும் என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் உன் சித்தப்பா வந்தார். நர்சம்மாதான் கூட்டி வந்தது, எங்கள் உறவு அவருக்குத் தெரியாது. அன்றைக்குப் பேச்சு, நம் வீட்டுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வேண்டுமா என்று. சித்தப்பா எழுந்து, வேணும், எங்க அண்ணன் செத்த அன்னிக்கு அங்க மழையில நாலு மணி நேரம் நின்னேன், அண்ணி வீட்டுக்குள்ள விடல, விட்டுட்டுப் போகவும் மனசு வரல, ஒதுங்க ஒரு இடம் இல்ல என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்தது என் முறை. கூரை வேணும்னு சொல்றீங்க என்றேன். அவர் தலையாட்டவில்லை. மழையில நாலு மணி நேரம் நின்னீங்க என்றேன். ஆட்டவில்லை. அக்கா, முக்கியமானத விட்டுட்டீங்களே என்று சலூன்காரர் எடுத்துக்கொடுத்தார், பெரிய உபகாரி. விரிப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், உங்க அண்ணன் செத்த அன்னிக்கு நான் கதவத் திறக்கல. நர்சம்மா உடனே, நீங்க இல்லம்மா, அவரோட அண்ணி என்று திருத்தினார். சித்தப்பா மட்டும் தலையாட்டினார்.

ஆமாம் கண்ணு, அவர் வந்தார். சேதி போன அரை மணியில் வாசலுக்கு வந்துவிட்டார். தேர்தல் சமயம் தெருமுனையில் நின்று, உன் கட்சிக்காரன் எல்லாம் திருடன் என்று உங்கப்பாவைப் பார்த்துக் கத்தினாரே, அதிலிருந்து அப்பா அவரோடு பேசவில்லை, அந்தக் கோபத்தை உங்கப்பா எனக்கு விட்டுப்போன சொத்து என்று பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்சிக்காரன் இந்தப் படி மிதிக்கக்கூடாதுன்னு சொல்லு என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிரே பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றார், நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவை ஏற்றின வண்டி கிளம்பினபோது பின்னாலேயே நடந்தார். ரெண்டு நாள் கழித்து நீ வந்து இறங்கி, சித்தப்பா எங்கேம்மா என்றாய். வரல என்றேன். அந்த ஒரு வார்த்தையை எட்டு மாசமாக மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன், தொழில் அப்படி. உங்கப்பாவாக இருந்திருந்தால் கதவைத் திறந்துவிட்டுத்தான் சண்டை போட்டிருப்பார். உங்கப்பாவைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள், நானும் சித்தப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். கட்சி கட்சி என்று நான் தனியாக அழுது தொலைத்தேன்.

நாற்காலி மடிக்கும்போது சித்தப்பா பக்கத்தில் வந்து, அண்ணி, பிள்ளைக்கு இத எழுதிறாதீங்க, பழி என் தலையிலேயே கிடக்கட்டும், அவளுக்கு இருக்கிறது நீங்க ஒருத்திதான் என்றார். நல்ல யோசனை என்று ஒரு வாரம் எனக்கும் பட்டது, என் நடுநிலையின் லட்சணம் அப்படி. பிறகுதான் உறைத்தது, உனக்கு இருக்கிறது ஒருத்தி இல்லை, ரெண்டு பேர்.

எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் மகராசியாக இரு. என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இருந்துகொள், அது எனக்கு வேண்டியதுதான். ஒன்று மட்டும் மறக்காதே. சித்தப்பாவின் எண் மாறவில்லை. வெளிநாட்டு எண் வந்தால் மோசடிக்காரன் என்று நினைத்து எடுக்காமல் கட் பண்ணிவிடுவார். எத்தனை தடவை கட் பண்ணினாலும் விடாதே, திரும்பத் திரும்பக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா